எங்க கம்மாய் இதுல எங்கப்பா இருக்கு?

மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களில், அதாவது ஏரிகளில், வேலை செய்யும் ஒரு சின்ன அமைப்புக்கு இணையதளம் செய்து கொடுத்திருக்கிறேன். 2025 பிப்ரவரியில் ஆரம்பித்து, செப்டம்பர் கடைசியில், மழை பிடிப்பதற்கு முன்னால் திறந்தோம். நடுவில் ஒரு தடவை செய்ததை எல்லாம் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. இப்போது நாலு மாதம் ஓடிவிட்டது, எது உதவியது எது உதவவில்லை என்று ஓரளவு தெரிந்துவிட்டதால் மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

அமைப்பு என்றால் மாடியில் ஒரு வாடகை அறை, சம்பளத்துக்கு இரண்டு பேர், ஞாயிறு காலையில் மண்வெட்டியோடு வந்து நிற்கும் முப்பது பேர். கரையில் பனை விதை ஊன்றுவார்கள், கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலில் அடைப்பு எடுப்பார்கள், சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்குவார்கள். 41 கண்மாய்களில் ஏதாவது ஒரு வேலை செய்திருக்கிறார்கள். 2024 நவம்பரில் மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்கப் பிரச்சினை கிளம்பியதிலிருந்து 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்தச் சுரங்கத்துக்கான ஏலத்தை ரத்து செய்தது வரை மாவட்டம் முழுக்க மலை, கண்மாய் என்றே பேச்சாக இருந்தது. அந்த நாட்களில் இவர்களுக்கும் நிறைய அழைப்புகள் வந்தன. "உங்க வெப்சைட்ட பார்த்தோம், ஒண்ணும் புரியல" என்று இரண்டு மூன்று பேர் சொன்ன பிறகுதான் ஒருங்கிணைப்பாளராக இருக்கும் அக்கா என்னைக் கூப்பிட்டார். கையில் இருந்த பணம் 25,000 ரூபாய். என் உழைப்புக்குக் கூலி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன், நானும் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒருவன்தான்.

பழைய தளம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. முகப்பில் ஒன்பது படங்கள் மாறி மாறி ஓடும், கேமராவில் எடுத்ததை அப்படியே ஏற்றியிருந்தார்கள். முகப்பு மட்டும் 14.6 எம்.பி. மேலூர் சாலையில் பேருந்தில் உட்கார்ந்து திறந்து பார்த்தேன், முதல் படம் வருவதற்கே 40 நொடிக்கு மேல் ஆனது. ஹோஸ்டிங்குக்கு வருடம் 6,800 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

முதல் தப்பு டொமைனில், அதாவது தளத்தின் முகவரிப் பெயரில். பெயர் பல வருடங்களுக்கு முன் இருந்த ஒரு தன்னார்வலரின் மின்னஞ்சலில் பதிவாகியிருந்தது. அவர் இப்போது வெளிநாட்டில், கேட்டவுடனே எல்லா விவரமும் கொடுத்துவிட்டார். நான் என்ன செய்தேன் என்றால் உள்ளே போனதும் உரிமையாளர் பெயரையும் மின்னஞ்சலையும் அமைப்பின் பெயருக்கு மாற்றினேன், அப்புறம் வேறு நிறுவனத்துக்கு மாற்ற விண்ணப்பித்தேன். உரிமையாளர் விவரம் மாறினால் 60 நாளைக்கு டொமைனை வேறு பதிவாளரிடம் மாற்ற முடியாதபடி பூட்டு விழும் என்பது அப்போது எனக்கு மறந்துபோயிருந்தது. முதலில் இடம் மாற்றி, பிறகு பெயரை மாற்றியிருக்க வேண்டும். இரண்டு மாதம் காத்திருந்தோம். அந்த இரண்டு மாதம்தான் பிறகு கைகொடுத்தது, அதைச் சொல்கிறேன்.

இரண்டாவது தப்பு பெரியது. பெரிய பெரிய சுற்றுச்சூழல் அமைப்புகளின் தளங்களை எல்லாம் பார்த்துவிட்டு ஃபிக்மா என்ற வடிவமைப்புக் கருவியில் 11 நாள் உட்கார்ந்து ஒரு வடிவமைப்புப் போட்டேன். முகப்பில் தண்ணீர் நிறைந்த கண்மாய்ப் படம், அதன் மேல் ஒரு வாசகம், கீழே "எங்கள் நோக்கம்", "எங்கள் பயணம்", "எங்கள் தாக்கம்", வலது மூலையில் நன்கொடைப் பொத்தான். செயற்குழுவில் காட்டினேன், எல்லாருக்கும் பிடித்துப்போனது. யாரும் ஒரு திருத்தம்கூடச் சொல்லவில்லை. அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அந்த வாரம் ஒரு கண்மாயில் தண்ணீர் திறந்துவிடும் மடையைப் பார்க்கப் போயிருந்தோம். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடும் அந்த ஊர் நீர்க்கட்டி ஐயா, எழுபது வயதுக்கு மேல் இருக்கும், மடைக்கல் மேல் உட்கார்ந்திருந்தார். என் போனில் வடிவமைப்பைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு விரலால் மெதுவாகத் தள்ளித் தள்ளிக் கடைசி வரை பார்த்தார். "நல்லாருக்கு தம்பி. எங்க கம்மாய் இதுல எங்கப்பா இருக்கு?" என்று கேட்டார். அது எங்கேயும் இல்லை. 41 கண்மாயில் ஒன்றின் பெயர்கூட அந்த ஏழு பக்கத்தில் கிடையாது. அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மடைத் திருகைப் பார்க்க எழுந்து போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன், டொமைன் எப்படியும் பூட்டித்தான் கிடக்கிறது, இந்த இரண்டு மாதமும் ஆட்களைப் பார்த்துப் பேசுவோம், அப்புறம் வரைவோம் என்று. சரி என்றார்.

மொத்தம் 24 பேரிடம் பேசினேன். நீர்க்கட்டிகள் இரண்டு பேர், விவசாயிகள் ஆறு பேர், நூறு நாள் வேலையில் இருந்த பெண்கள் நாலு பேர், கல்லூரி மாணவர்கள் நாலு பேர், பள்ளி ஆசிரியைகள் இரண்டு பேர், நன்கொடை கொடுத்தவர்கள் ஆறு பேர். நன்கொடையாளர்களிடம் மட்டும் போனில், மற்றவர்களிடம் அவரவர் இடத்தில். கருவி என்று பார்த்தால் ஒரு நோட்டு, 850 ரூபாய்க்குச் சட்டையில் மாட்டும் ஒரு மைக், அப்புறம் பழைய போன் கடையில் 4,500 ரூபாய்க்கு வாங்கிய ஒரு ஆண்ட்ராய்டு போன். அந்தப் போன் வாங்கியதுதான் இந்த வேலையில் செய்த நல்ல செலவு. இரண்டு ஜி.பி. நினைவகம், திரையில் ஒரு மூலை கீறல். ஊரில் பாதிப் பேர் கையில் இருப்பது அந்த மாதிரிப் போன்தான். மைக் முதல் நாள் தோற்றுப்போனது, கரையில் காற்று அடித்ததில் ஒரு மணி நேரப் பதிவில் இரைச்சல்தான் இருந்தது. அடுத்த நாளிலிருந்து மைக் மேல் பஞ்சு வைத்துத் துணி சுற்றிக்கொண்டேன். பதிவு செய்யலாமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுத்தான் செய்தேன், இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள், அவர்கள் சொன்னது நோட்டில் மட்டும்.

முதல் மூன்று பேரிடம் "வெப்சைட்ல என்னென்ன இருந்தா நல்லாருக்கும்?" என்று கேட்டேன். பயனில்லாத கேள்வி. மரியாதைக்கு ஏதாவது சொல்வார்கள், "எல்லாம் போடுங்க" என்பார்கள். நாலாவது ஆளிலிருந்து கேள்வியை மாற்றினேன். "கடைசியா கண்மாய் விஷயமா ஏதாவது தெரிஞ்சுக்க வேண்டியிருந்தப்ப என்ன செஞ்சீங்க?" இதற்குப் பிறகு கதை கதையாக வந்தது. யாரைப் பார்த்தார்கள், எந்த அலுவலகத்துக்கு எத்தனை தடவை நடந்தார்கள், எந்தக் காகிதம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள், எல்லாம். டீக்கடையில் நாலு பேரை உட்கார வைத்துப் பேசியதும் சரிப்படவில்லை, பெரியவர் ஒருவர் பேச மற்றவர்கள் தலையாட்டினார்கள். தனித்தனியாகக் கரையில் நடந்துகொண்டே பேசியபோது அதே ஆட்கள் வேறு மாதிரிப் பேசினார்கள்.

திருமங்கலம் பக்கம் ஒரு விவசாயி சொன்னது இது. தன் வயலுக்குக் கண்மாய் வண்டல் மண் அடிக்க வேண்டும், யாரிடம் அனுமதி வாங்குவது என்று தெரியாமல் கிராம நிர்வாக அலுவலர், ஒன்றிய அலுவலகம், நீர்வளத்துறை என்று மூன்று இடத்துக்கு ஐந்து நாள் அலைந்திருக்கிறார். 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று அரசு மாற்றியது அவருக்குத் தெரியாது. கடைசியில் வண்டி வாடகைக்கு விடுபவர்தான் சொல்லியிருக்கிறார். "இத ஒரு இடத்துல எழுதிப் போட்டா என்னங்க?" என்று என்னையே கேட்டார்.

இதைத்தான் அலுவலகத்துக்கு வந்ததும் அக்காவிடம் சொன்னேன். அவர் மேசையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்து வைத்தார். இருநூறு பக்க நோட்டு, கோடு போட்டது, முனை மடங்கிப்போனது. போன் வந்தால் தேதி, ஊர், கேட்ட விஷயம் மூன்றையும் ஒரே வரியில் எழுதி வைப்பது அவர் பழக்கம். 14 மாதத்து அழைப்புகள் அதில் இருந்தன. ஊர் ஊராகப் போவதற்கு முன்னாலேயே இந்த நோட்டைக் கேட்டிருக்க வேண்டும். அடுத்த தடவை எந்த அமைப்புக்குப் போனாலும் முதல் நாளே கேட்பேன், உங்களுக்கு வந்த போன், வாட்ஸ்அப், கடிதம் எல்லாம் எங்கே என்று.

இரண்டு ராத்திரி உட்கார்ந்து எண்ணினேன். மொத்தம் 611 அழைப்பு. வண்டல் மண் எடுப்பது பற்றி 143. ஆக்கிரமிப்பு, சாக்கடை, குப்பை என்று புகார் சொல்ல 118. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரலாமா என்று 97. பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவர 61. நன்கொடை ரசீது கேட்டு 54. மீதி பலவகை. அமைப்பின் நோக்கத்தையும் வரலாற்றையும் கேட்டு வந்த அழைப்பு நாலு. என் வடிவமைப்பில் முகப்பில் பாதி இடம் அந்த நாலு பேருக்காகத்தான் இருந்தது.

ஃபிக்மா கோப்பை அன்றைக்கே மூடி வைத்தேன்.

அடுத்து அட்டைகள். தளத்தில் வரக்கூடிய 34 விஷயங்களை ஒவ்வொன்றாக ஒரு அட்டையில் எழுதி, எதோடு எது சேரும் என்று ஆட்களையே அடுக்கச் சொன்னேன். கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டித்தான் செய்தேன், காற்றில் பறக்காத கனம் அதில்தான் இருந்தது. அடுக்கியதைவிட, அடுக்கும்போது எந்தச் சொல்லில் கை நின்றது என்பதைப் பார்த்ததுதான் லாபம். "வளங்கள்" என்று ஒரு அட்டை, கையேடுகளையும் பழைய இதழ்களையும் அதற்குள் போடலாம் என்பது என் எண்ணம். ஒன்பது பேரில் எட்டுப் பேர் அதை மண், மீன், கருவேல விறகு பக்கத்தில் வைத்தார்கள். சரிதானே, வளம் என்றால் அதுதான். "முன்னெடுப்புகள்" யாருக்கும் பிடிபடவில்லை. "ஈடுபடுங்கள்" என்பதைப் பார்த்து ஒரு அம்மா "எதுலப்பா?" என்றார். எல்லாம் ஆங்கிலத் தளங்களின் தலைப்புகளை நான் தமிழாக்கி வைத்தவை. அவர்கள் பேச்சில் வந்த சொற்களையே எடுத்துக்கொண்டேன். மேலே ஐந்தே தலைப்பு வைத்தேன்: "உங்க கண்மாய்", "வண்டல் எடுக்க", "புகார் சொல்ல", "வேலைக்கு வர", "பணம் கொடுக்க". செயற்குழுவில் ஒரு ஐயா "பணம் கொடுக்க" கொச்சையாக இருக்கிறது, "நன்கொடை" என்றே போடலாம் என்றார். கூட்டத்தில் அரை மணி நேரம் இதே பேச்சு. "நன்கொடை" எல்லாருக்கும் புரிகிற சொல்தான் என்பதால் அதற்கு மாற்றிவிட்டேன், மற்ற நாலும் அப்படியே நின்றன.

பெயர்ச் சிக்கலும் இருந்தது. எழுத்தில் கண்மாய், பேச்சில் கம்மாய், கம்மா. கல்லூரிப் பிள்ளைகள் ஏரி என்றும் லேக் என்றும் தேடுகிறார்கள், அதையும் ஆங்கில எழுத்தில் நாலு விதமாகத் தட்டுகிறார்கள். ஒரே கண்மாய்க்குப் பக்கத்துப் பக்கத்து ஊரில் இரண்டு பெயர். அதனால் ஒவ்வொரு கண்மாய்க்கும் ஒரு பெயர்ப் பட்டியல் வைத்து, எதைத் தட்டினாலும் அதே பக்கம் வரும்படி தேடலைச் செய்தேன். ஒரு கண்மாய்க்கு ஏழு பெயர் வரை போனது.

கண்மாய்ப் பக்கத்தில் என்ன வரும் என்பதை ஆட்கள் கேட்ட கேள்விகளே முடிவு செய்தன. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எத்தனை மடை, நிறைந்தால் தண்ணீர் வழியும் கலுங்கு எந்தப் பக்கம், அதில் பாயும் நிலமான ஆயக்கட்டு எத்தனை ஏக்கர், மிஞ்சும் தண்ணீர் அடுத்து எந்தக் கண்மாய்க்குப் போகிறது. இதெல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியாக, "இந்தக் கண்மாய் யார் பொறுப்பு?" தமிழ்நாட்டில் ஏரி, குளம், கண்மாய் எல்லாம் சேர்த்து 39 ஆயிரத்துக்கு மேல் உண்டு. ஆயக்கட்டு நூறு ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத்துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். புகார் சொன்ன 118 பேரில் நிறையப் பேர் இது தெரியாமல் ஒரு அலுவலகத்தில் மனு கொடுத்து, அங்கே "எங்களுடையது இல்லை" என்று சொல்லக் கேட்டுத்தான் இவர்களுக்குப் போன் செய்திருந்தார்கள். இந்த ஒரு வரியை எழுத 18 கண்மாய்களுக்கு ஆவணம் தேட வேண்டியிருந்தது, தளத்திலேயே அதிக நேரம் பிடித்த வரி அதுதான்.

ஆவணம் கிடைத்த இடம் எதிர்பாராதது. அமைப்பு 2009 முதல் 2016 வரை ஒரு காலாண்டிதழ் நடத்தியது, 26 இதழ், பாமினி என்ற பழைய எழுத்துருவில் பேஜ்மேக்கரில் அடித்தவை. அதிலிருந்து நகலெடுத்தால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும், எந்தத் தேடலிலும் அகப்படாது. இன்றைய யுனிகோடு எழுத்துக்கு மாற்றும் கருவியில் போட்டு ஐந்து சாயங்காலம் திருத்தினேன். இடையில் இருந்த ஆங்கிலச் சொற்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் அந்தக் கருவி தமிழ் எழுத்தாக ஆக்கிவிடும், அவற்றை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத்தான் சரிசெய்ய முடியும். ஆனால் அந்த இதழ்களில் கண்மாய் கண்மாயாகப் போய் மடையை எண்ணி, ஆயக்கட்டைக் கேட்டு எழுதி வைத்திருந்தார்கள். இப்போது இல்லாத இரண்டு வரத்துக்கால்களின் பெயர்கூட அதில் இருந்தது. அந்தக் காலத்தில் அதை எழுதியவர்களில் ஒருவர் இப்போது உயிரோடு இல்லை. அவர் எழுதியதை யாராவது தேடினால் கிடைக்கும்படி செய்துவிட்டோம் என்பதில் எனக்கு இருக்கும் நிறைவு பெரிது.

முழுத் தளமும் முடியட்டும் என்று காத்திராமல் வண்டல் பக்கத்தை மட்டும் மே மாதமே தனியாகப் போட்டோம், ஏனென்றால் கண்மாய் காய்ந்து கிடக்கும் கோடையில்தான் அது தேவை. நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90, மண்பாண்டத் தொழிலாளருக்கு 60, அனுமதி வட்டாட்சியரிடம், கையோடு எடுத்துப்போக வேண்டிய காகிதங்கள். நாலு பத்தி. முதல் வடிவில் கன மீட்டர் என்று மட்டும் போட்டிருந்தேன். படித்துப் பார்த்த விவசாயி "எத்தன டிராக்டர்னு சொல்லுங்க" என்றார். டிப்பருக்கு டிப்பர் அளவு மாறும் என்பதால் எண்ணைச் சொல்லாமல், உங்கள் வண்டிப் பெட்டியின் நீளம், அகலம், உயரம் அடியில் கொடுத்தால் எத்தனை நடை என்று கணக்குப் போட்டுத் தரும் ஒரு சின்னப் பெட்டியை வைத்தேன். ஒரு கன மீட்டர் என்றால் 35.3 கன அடி. இருபது வரி நிரல்தான், தளத்தில் ஆட்கள் அதிகம் தொட்ட இடம் அது.

நூறு நாள் வேலைப் பெண்கள் சொன்னது, "படிக்கச் சொன்னா கஷ்டம், சொல்லிட்டா கேட்டுக்குவோம்." அவர்கள் போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து காட்டினார்கள், எழுத்தே இல்லை, எல்லாம் குரல் பதிவு. அதனால் வண்டல் பக்கத்தை அக்காவின் குரலில் பதிவு செய்து மேலேயே வைத்தோம், ஒரு நிமிடம் ஐம்பது நொடி, 330 கே.பி. அறையில் எதிரொலித்ததால் போர்வையை நாற்காலி மேல் போட்டு அதற்குள் உட்கார்ந்து பேசினார். தளத்துக்கு வராதவர்களுக்கும் அந்தப் பதிவு வாட்ஸ்அப்பில் கை மாறிப் போய்ச் சேர்ந்தது.

நன்கொடைப் பக்கத்தில் நான் போட்ட முதல் வடிவம் கியூஆர் குறியீடு. ஐந்து பேருக்குக் கொடுத்துப் பார்த்தேன், நாலு பேர் போனில்தான் பக்கத்தைத் திறந்தார்கள், தன் போனில் தெரியும் குறியீட்டைத் தன் போனாலேயே எப்படி ஸ்கேன் செய்வது? ஒருவர் மனைவியின் போனைக் கேட்டு வாங்கினார், ஒருவர் விட்டுவிட்டார். இப்போது போனில் திறந்தால் யூபிஐ முகவரியும் அதை நகலெடுக்க ஒரு பொத்தானும் வரும், கணினியில் திறந்தால் மட்டும் குறியீடு. நன்கொடையாளர்கள் ஆறு பேரும் கேட்டது ஒரே விஷயம், வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீது எப்போது வரும். அதற்கு நேரடியாகப் பதில் எழுதினோம்: எந்த மாதம் நன்கொடைச் சான்றான படிவம் 10பிஇ வரும், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வரிவிலக்கு கிடையாது, புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு 80ஜி பயன்படாது. கடைசியைப் போட வேண்டாம், பணம் குறையும் என்று ஒருவர் சொன்னார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு தெரிந்து மனம் வருந்துவதைவிட முன்னாலேயே தெரியட்டும் என்றார், அதுதான் எனக்கும் சரி. வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப் பிள்ளைகள் கொடுக்க நினைப்பதுண்டு. அமைப்புக்கு, வெளிநாட்டு நன்கொடை வாங்கத் தேவையான எஃப்சிஆர்ஏ பதிவு இல்லை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுத்தால் வாங்கலாம், வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தவரிடம் வாங்க முடியாது. அதையும் இரண்டு வரியில் எழுதினோம்.

கட்டும் வேலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தரவுத்தளம் எதுவும் இல்லாத நிலைத்த பக்கங்கள், இலவச ஹோஸ்டிங், கண்மாய் விவரம் எல்லாம் ஒரு கூகுள் விரிதாளில். அக்காவுக்கு அதைத் திறக்க, திருத்தத் தெரியும், ராத்திரி ஒரு தடவை பக்கங்கள் தானே புதுப்பித்துக்கொள்ளும். தனியாக உள்நுழையும் பலகை ஒன்று செய்து வைத்தேன், மூன்று வாரம் ஆகியும் யாரும் திறக்காததால் எடுத்துவிட்டேன்.

எழுத்துருவில் மட்டும் நாலு நாள் போனது. ஹிந்த் மதுரை எழுத்துருவை எடுத்து, கோப்பு சிறிதாகட்டும் என்று ஒரு இணையக் கருவியில் போட்டுத் தேவையில்லாத எழுத்துகளை வெட்டினேன். வெட்டியதில் எழுத்துகளைச் சேர்க்கும் விதிகளும் போய்விட்டன. என் கணினியில் அந்த எழுத்துரு முன்பே நிறுவியிருந்ததால் எனக்குச் சரியாகத் தெரிந்தது, கீறல் போனில் திறந்தால் "குடிமராமத்து" என்ற சொல்லில் கு, டி, து மூன்றும் உடைந்து குறிகள் தனியே தொங்கின. ஃபான்ட்டூல்ஸ் என்ற கருவியை வைத்து விதிகளை விடாமல் வெட்டிச் சரிசெய்தேன். சரிசெய்த பிறகுதான், ஆண்ட்ராய்டு போனிலேயே நோட்டோ தமிழ் எழுத்துரு இருக்கிறதே, எதற்கு இன்னொன்றை இறக்க வேண்டும் என்று தோன்றியது. இப்போது தலைப்புக்கு மட்டும் ஹிந்த் மதுரை, உள்ளே வரும் எழுத்துக்கு அந்தந்தப் போனில் இருப்பது. வரி இடைவெளி 1.7 வைத்தேன், அதற்குக் குறைந்தால் மேல் வரியில் கீழே இறங்கும் குறிகளும் கீழ் வரியில் மேலே ஏறும் குறிகளும் முட்டுகின்றன. பொத்தான்களில் நீளமான சொல் 360 பிக்சல் திரையில் வெளியே வழிந்தது, "தன்னார்வலராகப் பதிவுசெய்க" என்பதை "வர்றேன்" என்று மாற்றியதும் அடங்கியது. முகப்பு இப்போது 212 கே.பி.

வர்றேன் என்று அழுத்தியவர்கள் வந்தார்களா என்றால், முதல் மாதம் இல்லை. 31 பேர் படிவம் நிரப்பினார்கள், ஆறு பேர்தான் வந்தார்கள். வராதவர்களில் எட்டுப் பேருக்குப் போன் செய்து கேட்டேன். எந்த ஞாயிறு, எந்த இடத்தில் நிற்க வேண்டும், பேருந்து எது, கழிப்பறை இருக்கிறதா என்று எதுவும் தெரியவில்லை என்றார்கள். கழிப்பறையைக் கேட்டவர்கள் எல்லாரும் கல்லூரிப் பெண்கள், அவர்களிடம் மார்ச்சில் பேசியபோது நான் இதைக் கேட்காமல் விட்டது என் குறை. இப்போது படிவத்தில் தேதி தேர்ந்தெடுக்க வேண்டும், பக்கத்தில் கூடுமிடம், பேருந்து எண், முடியும் நேரம், கழிப்பறை எங்கே, என்ன கொண்டுவர வேண்டும் எல்லாம் உண்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு வாட்ஸ்அப் செய்தி போகும். ஜனவரியில் 22 பேர் பதிந்து 15 பேர் வந்தார்கள்.

செலவு: டொமைன் 1,180, மைக் 850, பழைய போன் 4,500, பெட்ரோலும் பேருந்தும் 3,900, அட்டை, ஜெராக்ஸ் 460, படம் ஸ்கேன் செய்ய 600, டீ, வடை, சாப்பாடு 1,700. மொத்தம் 13,190. மீதி 11,810 ரூபாயை அக்காவிடம் திருப்பிக் கொடுத்தேன், பனை விதைக்கு ஆகும்.

நீர்க்கட்டி ஐயாவிடம் நவம்பரில் போய்க் காட்டினேன். அவர் கண்மாய்ப் பக்கத்தைத் திறந்து கையில் கொடுத்தேன். மடை மூன்று என்று போட்டிருந்ததைப் பார்த்து, நாலு என்றார், வடக்கே ஒரு சின்ன மடை மண்ணுக்குள் போய் இருபது வருடம் ஆகிறது என்று கூட்டிப்போய்க் கம்பால் குத்திக் காட்டினார். கல் தட்டுப்பட்டது. அன்றைக்கே விரிதாளில் மாற்றினோம். அதிலிருந்து வாரம் ஒரு குரல் பதிவு அனுப்புகிறார், மடைக்கல்லில் எத்தனை வரி தண்ணீர் நிற்கிறது என்று, அக்கா அதைத் தட்டி ஏற்றுகிறார், பக்கத்தில் தேதியோடு வருகிறது. ஒரு வரி எத்தனை அடி என்பதை இன்னும் அளக்கவில்லை. 23 கண்மாய்களுக்குப் பக்கமும் பாக்கி. வருகிற ஞாயிறு மேலூர்ப் பக்கம் இரண்டு கண்மாய்க்குப் போகிறோம், முப்பது மீட்டர் டேப் ஒன்று வாங்க வேண்டும்.